பன்னிரண்டு முறை ‘இருக்கிறேன்’

ஜனவரி 18, சனி

“தினமும் நாட்குறிப்பு எழுதுங்கள். களத்தில் என்ன கற்றீர்கள் என்று இரண்டு வரி போதும்” என்கிறார் பயிற்சியாளர். இன்று களத்தில் கற்றது: சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்தால் பேண்ட் பாழ். இரண்டாவது வரி: இதைக் கற்க ஆறு வருடம் ஆனது.

பயிற்சியில் சேர்ந்த காரணத்தையும் எழுதிவைக்கிறேன், பின்னால் எனக்கே மறந்துவிடலாம். சரவணம்பட்டி தாண்டி ஒரு தனியார் பள்ளிக்கு நான்கு மாடிக் கட்டடம் கட்டுகிறோம். நான் சைட் இன்ஜினீயர். எங்கள் புராஜெக்ட் மேனேஜர் அர்த்தநாரி சார் ஏப்ரலில் ஓசூர் வேலைக்குப் போகிறார். நாற்காலி காலி. “நவநீதன் பார்த்துக்குவான்” என்று சைட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். தலைமை அலுவலகம் மட்டும் “சான்றிதழ் எங்கே?” என்கிறது. கட்டுமானத் திட்ட மேலாண்மைச் சான்றிதழ். மார்ச் 9 தேர்வு. அதை எழுத இரண்டு காகிதம் வேண்டும். முப்பத்தைந்து மணி நேரம் ஆன்லைன் வகுப்பு கேட்டதற்கு ஒன்று. என் அனுபவம் உண்மைதான் என்று மேலதிகாரி கையெழுத்துப் போட்டது இன்னொன்று.

சனி, ஞாயிறு மூன்றிலிருந்து ஆறு வரை வகுப்பு. ஆறு வாரம், மொத்தம் முப்பத்தாறு மணி. ஒரு நாள் தவறினாலும் அவ்வளவுதான். இப்படி அட்டவணை போட்ட ஆள்தான் இன்று எங்களுக்கு, “எந்தத் திட்டத்திலும் கொஞ்சம் அவகாசம் விட்டு வையுங்கள்” என்று முக்கால் மணி நேரம் பாடம் எடுத்தார்.

ஜனவரி 26, ஞாயிறு

குடியரசு தினத்தன்றும் வகுப்பு உண்டு. பயிற்சியாளரின் படத்தில் வெள்ளை ஹெல்மெட், ஒரு கீறல் இல்லை. விலைச்சீட்டைக் கிழித்தது மட்டும்தான் அந்த ஹெல்மெட் பார்த்த வேலை.

பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையில் ஒரு பெட்டி வருகிறது: “நீங்கள் இருக்கிறீர்களா?” கீழே ஒரே ஒரு பொத்தான்: “இருக்கிறேன்.” அரை நிமிடத்துக்குள் அழுத்த வேண்டும். ஒன்று தவறினால் அன்றைய மூன்று மணி நேரமும் கணக்கில் வராது. “இல்லை” என்றும் ஒரு பொத்தான் வைத்திருக்கலாம். நேர்மையானவர்களுக்கு வசதியாக இருந்திருக்கும்.

அழைப்பு வந்தால் வகுப்பு அறுந்துவிடுகிறது. அதனால் சனி, ஞாயிறு அந்த மூன்று மணி நேரம் யார் கூப்பிட்டாலும் மணி அடிக்காதபடி போனில் ஏற்பாடு செய்துவிட்டேன். திட்டமிடல் என்றால் இது.

மெஸ்ஸில் இன்றும் கத்தரிக்காய்.

பிப்ரவரி 3, திங்கள்

கியூப் தொட்டியைத் தணிக்கை செய்தேன். வகுப்பில் ‘தணிக்கை’ நடந்துகொண்டிருக்கிறது.

கான்கிரீட் ஊற்றும்போதெல்லாம் அதிலிருந்தே ஆறு கனசதுரக் கட்டிகள் வார்த்து, தேதி எழுதி, தண்ணீர்த் தொட்டியில் போட வேண்டும். ஏழாம் நாள் மூன்றை மெஷினில் வைத்து உடைப்போம், இருபத்தெட்டாம் நாள் மூன்றை. எவ்வளவு அழுத்தம் தாங்குகிறது என்பதுதான் கட்டடத்தின் ஜாதகம். தொட்டியில் தேதி போடாத கட்டிகள் ஒன்பது கிடந்தன.

மேஸ்திரி சென்னியப்பனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“அது பாட்டுக்குக் கெடக்கட்டுங் சார். சிமெண்ட் கொஞ்சம் தூக்கலா போட்டு வார்த்து வெச்சது. ஒரு அவசரத்துக்கு ஆகும்.”

“என்ன அவசரம்?”

“எங்கியாச்சும் ஒரு கட்டி கம்மியா காட்டுச்சுன்னா, அந்தத் தேதிய இதுல எழுதிக்கலாமுங். எல்லாச் சைட்டுலயும் வெச்சிருப்பாங்க சார்.”

தர இன்ஜினீயர் ஜெபராணி பக்கத்தில் நின்றிருந்தாள். நாசரேத்துக்காரி, டிப்ளமோ முடித்து இரண்டு வருடம் ஆகிறது. “வந்த மொத வாரமே தூக்கிப் போடச் சொன்னேன் சார். மறுநா அதே எடத்துல கெடக்கு. நீங்களாவது சொல்லுங்க.”

நான் என் பதவிக்குரிய கண்டிப்போடு, “பார்த்துக்கலாம்” என்றேன்.

பிப்ரவரி 8, சனி

மூன்றாவது மாடித் தூண்கள் பதினொன்றுக்கும் கான்கிரீட் முடிந்தது. ரெடிமிக்ஸ் லாரி ஒன்றரைக்கு வந்து, இரண்டே முக்காலுக்குள் வேலை முடியும் என்பது திட்டம். வழியில், கணபதி பக்கம் ஒரு டேங்கர் கவிழ்ந்து, லாரி வந்து சேர்ந்தபோது மூன்று ஐம்பது. எனக்கு மூன்று மணிக்கு வகுப்பு. என்னால் லாரியையும் நகர்த்த முடியாது, வகுப்பையும் நகர்த்த முடியாது.

கன்டெய்னர் ஆபீஸ் ஜன்னலில் தலையை வெளியே நீட்டி நிமிர்ந்து பார்த்தால் மூன்றாவது மாடி தெரியும். மேஸ்திரி பதினெட்டு வருட ஆள். ஜெபராணி ஊரில் ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டாள், கட்டிகளையும் மேஸ்திரியே வார்த்துவிட்டார்.

இன்றைய பாடம்: தரக் கட்டுப்பாடு. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டும் அழுத்தினேன்.

ஏழு மணிக்கு கான்கிரீட் பதிவேட்டில் ‘என் முன்னிலையில் நடைபெற்றது’ என்ற இடத்தில் கையெழுத்து. ஜன்னல் வழியாகப் பார்த்ததும் முன்னிலைதான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வகுப்பு. துவைத்த துணி காயவில்லை.

பிப்ரவரி 15, சனி

ஏழாம் நாள் கட்டிகள். தாங்கும் அழுத்தம் குறைந்தது இருபது வர வேண்டும்.

முதல் கட்டி பன்னிரண்டு புள்ளி ஆறு. ஜெபராணி மெஷினைத் துடைத்துவிட்டு இரண்டாவதை வைத்தாள். பன்னிரண்டு புள்ளி ஒன்று. மூன்றாவது பதின்மூன்று.

“மெஷின்ல கோளாறா இருக்கும்” என்றேன்.

“போன வாரந்தான் சரிபாத்துட்டுப் போனாங்க சார்.”

“கட்டி சரியா வார்க்கலையோ என்னவோ.”

“மூணும் ஒண்ணு போலத் தப்பா வருமா சார்?”

டிப்ளமோ முடித்தவர்களிடம் இதுதான் தொல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லமாட்டார்கள், திருப்பிக் கேட்பார்கள்.

அறிக்கையை அர்த்தநாரி சாரிடம் கொண்டுபோனாள். அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். “ஏழு நாள்தானம்மா ஆச்சு. இருவத்தெட்டு நாள்ல ஏறிக்கும்” என்று காகிதத்தை இழுப்பறையில் வைத்தார். அந்த இழுப்பறைக்குள் போன காகிதம் எதுவும் கட்டட வடிவமைப்பாளர் அலுவலகத்துக்குப் போனதாக வரலாறு இல்லை. மூன்று மணிக்கு எனக்கு வகுப்பு. பாடம்: தகவல் பரிமாற்றம்.

பிப்ரவரி 17, திங்கள்

தூண்கள் வலுக் குறைந்ததற்கான காரணங்களைப் பகுத்து ஆராய்ந்தேன். வகுப்பில் சொல்லித் தந்த மீன்முள் படம் போட்டேன். தலையில் ‘வலுக் குறைவு’, முள்ளுக்கு முள் ஒரு காரணம்: சிமெண்ட், ஜல்லி, வெயில், மெஷின், டேங்கர், மேஸ்திரி, நாசரேத்தில் நடந்த கல்யாணம். ஏழு முள். படம் நன்றாக வந்திருக்கிறது.

ஜெபராணி எட்டிப் பார்த்தாள். “மேற்பார்வைன்னு ஒரு முள்ளக் காணமே சார்.”

“இடம் இல்லை.”

பிப்ரவரி 19, புதன்

தூண்களுக்கு மேலே தளத்துக்கான முட்டுக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். மார்ச் 1 தளக் கான்கிரீட். தளம் ஏறிவிட்டால் அப்புறம் தூணைத் தொட முடியாது. தொட வேண்டிய அவசியமும் இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

மேஸ்திரி டீ வாங்கிக் கொடுத்தார். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக இருக்கும்.

“சார், எட்டாந்தேதிக் கட்டி இன்னும் மூணு கெடக்குதுங்களே. மார்ச் எட்டுல ஒடைக்கோணும்.”

“ஆமா.”

“தேதி போடாத கட்டியும் கெடக்குதுங்க.”

“தெரியும்.”

“நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாமுங். அந்தப் பக்கம் பாக்காம இருந்தீங்கன்னா போதும்.”

எனக்கு அதில் நல்ல பயிற்சி உண்டு என்று அந்த மனிதருக்கு யார் சொன்னது?

பிப்ரவரி 23, ஞாயிறு

கடைசி வகுப்பு. முடிந்த பத்தாவது நிமிடம் மின்னஞ்சலில் வருகைச் சான்று வந்துவிட்டது: “வருகை நூறு சதவீதம்.” பின்னிணைப்பாக ஒரு பட்டியல். நாள், நேரம், விநாடி வாரியாக நான் அழுத்திய ஒவ்வொரு ‘இருக்கிறேன்’. வண்ணத்தில் அச்சடித்துக்கொண்டேன். ஒரு காகிதம் ஆயிற்று, இன்னொன்று பாக்கி. அனுபவப் படிவம் அர்த்தநாரி சார் மேசையில் பத்து நாளாகக் கிடக்கிறது. மார்ச் 1 நள்ளிரவுக்குள் பதிவேற்ற வேண்டும்.

சாயந்திரம் சும்மா மூன்றாவது மாடிக்குப் போனேன். சும்மாதான். சட்டைப்பையில் ஐந்து ரூபாய் நாணயம் இருந்தது. ஒரு தூணில் சுரண்டிப் பார்த்தேன். சுரண்டினால் நாணயம்தான் தேய வேண்டும். தூண் உதிர்ந்தது.

வரைபடத்தின்படி இந்தத் தூண்கள் தாங்கப் போவது நான்காவது மாடி வகுப்பறைகள் நான்கையும், அதற்கு மேலே தண்ணீர்த் தொட்டியையும். அறைக்கு நாற்பது பிள்ளைகள். பெருக்கிப் பார்த்தேன். பெருக்கியதோடு சரி.

பிப்ரவரி 24, திங்கள்

“சார், எட்டாந்தேதி லாரிச் சீட்டு ஒங்க கிட்டயா இருக்கு?” என்று கேட்டாள் ஜெபராணி. தேடி எடுத்தேன். பிளாண்டில் கலவை ஏற்றிய நேரம் பன்னிரண்டு ஐம்பது. இங்கே இறக்கத் தொடங்கியது நான்கு. மூன்று மணி நேரத்துக்கு மேல் டிரம்மிலேயே கிடந்த கான்கிரீட். இரண்டு மணி நேரத்தைத் தாண்டிய லாரியைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது முதல் வருடம் படிக்கிறவனுக்கே தெரியும்.

“கலவை எவ்வளவு தளர்வா இருந்துச்சுன்னு பதிவேட்டுல நூத்திப்பத்துன்னு போட்டிருக்கு. மூணு மணி நேரம் ஆன கலவை எப்பிடி சார் அவ்ளோ நல்லா இருக்கும்? யாரு அளந்தா?”

மேஸ்திரியைக் கேட்டோம். அவர் மறைக்கவில்லை. அது இன்னும் மோசம்.

“இறுகிப் போயிருந்துதுங்க. இறங்கவே மாட்டேன்னுச்சு. டிரைவரு தண்ணி உடறேன்னாரு. இன்ஜினீயரக் கேக்கோணும்னு நானு உங்களுக்கு மூணு தடவ போன் போட்டனுங்க. மணியே அடிக்கல. கீழ எறங்கி வந்து ஜன்னல்ல பாத்தேன். நீங்க காதுல மாட்டிட்டுப் படிச்சிட்டிருந்தீங்க. படிக்கற பையனத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு மேல போயிட்டேன். சரி, உடுங்கன்னுட்டேன். ரெண்டு கொடம் இருக்கும்… மூணா… கணக்கு வெக்கலீங்க. நூத்திப்பத்தும் நானா எழுதுனதுதாங்க. எப்பவும் அதானுங்க எழுதுவோம்.”

ஜெபராணி லாரிச் சீட்டை மடித்து என்னிடமே கொடுத்தாள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

போனில் பார்த்தேன். 3:56, 3:58, 4:03. எட்டாம் தேதியிலிருந்து அங்கேயேதான் இருந்திருக்கின்றன. சிவப்பில்.

பிப்ரவரி 25, செவ்வாய்

சிலிண்டர் தீர்ந்தது. புக் செய்தேன். தூக்கம் வராததால் மீன்முள் படத்தில் எட்டாவது முள் வரைந்தேன். இடம் இருந்தது.

பிப்ரவரி 26, புதன்

அர்த்தநாரி சாரிடம் சொன்னேன். சுற்றிவளைக்கவில்லை. “எட்டாம் தேதி நான் கான்கிரீட் பக்கத்துல இல்ல சார். வகுப்புல இருந்தேன். கலவையில தண்ணி விட்டிருக்காங்க. தளம் போடக் கூடாது.”

அவர் பதிவேட்டை எடுத்து விரித்தார். “ஏப்பா நவநீ, இது ஆரு கையெழுத்து?”

“என்னுதுதான்.”

“அப்ப நீ இருந்த. அதுக்குக் கீழ என்ற கையெழுத்து இருக்குது. அப்ப நானும் இருந்தேன்.”

“நீங்க அன்னைக்குத் திருப்பூர்ல இருந்தீங்க சார்.”

“ஒடம்பு திருப்பூர்ல இருந்துது. உன்ற கையெழுத்தப் பாத்துத்தான நானு போட்டேன்? என்றதப் பாத்து ஸ்கூல்காரங்க போட்டாங்க. இப்ப நீ உருவுனா மேல இருக்கறதெல்லாம் சாயும்.”

“தூணும் அப்படித்தான் சார்.”

சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான், அதுதான் சிக்கல். “ஜூன்ல பசங்கள உக்கார வெக்கோணும்னு எங்களக் குடையறாங்கப்பா. ஒண்ணாந்தேதி தளம் போடறோம். எட்டாந்தேதி கியூப் ரிப்போர்ட் வரும், நல்லாத்தான் வரும்.”

“எந்தக் கியூப்?”

ஆரஞ்சுத் தோலைக் கூடையில் போட்டார். “உன்ற ஃபார்ம் இங்கதான் இருக்குது. ஒண்ணாந்தேதி தளம் முடியட்டும், சாயந்திரமே போட்டுத் தாரேன். கைல வாங்கிட்டுப் போ.”

தேதியை எவ்வளவு துல்லியமாக வைத்திருக்கிறார் பாருங்கள். இந்த மனிதருக்குச் சான்றிதழே தேவையில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

காலையில் வடிவமைப்பாளர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அங்கே ஒரு அம்மாள் பொறுமையாகக் கேட்டார். “உங்க பதிவேட்டு நகல் என் முன்னாடிதான் இருக்கு. இன்ஜினீயர் முன்னிலையில நடந்ததுன்னு இருக்கு, தளர்வு நூத்திப்பத்து, மூணு கையெழுத்து. நீங்க வாயால சொல்றத வெச்சு வேலைய நிறுத்தச் சொல்ல முடியாதே தம்பி. நீங்க அங்க இல்லைங்கறதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா?”

ஆறு வருடமாக நான் இருந்ததற்குத்தான் ஆதாரம் சேர்த்திருக்கிறேன். இல்லாததற்கு?

அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. வண்ணத்தில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேனே.

பிப்ரவரி 8. 3:15, இருக்கிறேன். 3:30, இருக்கிறேன். 3:45, 4:00, 4:15… 6:00 வரை பன்னிரண்டு வரி. கலவையில் தண்ணீர் ஊற்றிய நேரம் முழுக்க நான் வேறெங்கோ இருந்தேன் என்பதற்கு விநாடி சுத்தமான அத்தாட்சி. இந்தப் பயிற்சியால் களத்துக்கு என்ன பயன் என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

கடிதம் எழுதினேன். நான்கு வரி. லாரிச் சீட்டு, மூன்று தவறிய அழைப்புகளின் படம், வருகைப் பட்டியல் மூன்றையும் இணைத்தேன். ஜெபராணி படித்துப் பார்த்தாள்.

“மேஸ்திரி பேரு இல்லையே சார்.”

“என்னைக் கேட்கத்தான் போன் செய்தார். நான் எடுக்கலை.”

“இத அனுப்பினா அந்த ஃபார்ம் வராது.”

“எனக்குக் கணக்கு தெரியும்.”

“சரி, கொஞ்சம் பொறுங்க.” தன் பையிலிருந்து ஏழாம் நாள் அறிக்கையின் நகலை எடுத்து, அடியில் புதிதாக ஒரு கையெழுத்துப் போட்டு நீட்டினாள். “இழுப்பறைக்குப் போகும்னு தெரிஞ்சுதான் ரெண்டா எழுதினேன். இதையும் வைங்க.”

12:20க்கு அனுப்பினேன். அர்த்தநாரி சாருக்கும் ஒரு பிரதி.

பிப்ரவரி 28, வெள்ளி

வடிவமைப்பாளரின் ஆட்கள் வந்தார்கள். சோதனைச் சுத்தியலைத் தூணில் வைத்து வைத்து எடுத்தார்கள். நான்காவது தூணிலேயே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தளம் நிறுத்தம். பதினொரு தூண்களையும் உடைக்க உத்தரவு.

அர்த்தநாரி சார் என்னைக் கூப்பிடவில்லை. இன்று ஆரஞ்சும் இல்லை.

மார்ச் 1, சனி

படிவம் அதே மேசையில், அதே இடத்தில். ஒரு பேப்பர்வெயிட் மட்டும் புதிதாக வந்திருக்கிறது. அடுத்த தேர்வு செப்டம்பரில்.

மார்ச் 4, செவ்வாய்

உடைக்கும் ஆட்கள் ஐந்து நாள் வேலை என்று சொல்லி, அதற்கேற்பச் சாமான்களோடு வந்தார்கள். நான் காலை ஏழு மணியிலிருந்து மேலேயே நின்றேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை.

பதினொரு மணிக்கு ஆறு தூண்கள் முடிந்துவிட்டன.

உடைக்கிறவர்களின் தலைவர் முகமூடியைக் கழற்றிவிட்டு என்னிடம் வந்தார். “சார், இதுல எதுவும் தப்பா ஒடச்சிட்டமா? தூணு இத்தன சீக்கிரம் வராதே. எங்க மெஷினே பாதி நேரம் சும்மா இருக்குதுங்க.”

“சரியாத்தான் உடைக்கிறீங்க.”

“யாரு சார் இத ஊத்துனது?”

“நான்தான்.”

மார்ச் 8, சனி

இருபத்தெட்டாம் நாள். தூண் இல்லை, கட்டி மட்டும் இருக்கிறது. ஜெபராணி விடவில்லை, உடைத்தாள். மூன்றுக்கும் சராசரி பதினெட்டு புள்ளி இரண்டு. முப்பது வந்திருக்க வேண்டும். பதிவேட்டில் எழுதினாள். கூட நின்று நானும் கையெழுத்துப் போட்டேன். இந்த முறை கூட நின்று.

தேதி போடாத ஒன்பது கட்டிகளையும் மேஸ்திரியே தொட்டியிலிருந்து எடுத்து, கேட் ஓரம் சேற்றில் நடைபாதையாகப் போட்டுவிட்டார். பயங்கர உறுதி. லாரி ஏறினாலும் அசையவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

தேர்வு நாள். துணி துவைத்தேன். காய்ந்தது.

மார்ச் 12, புதன்

தலைமை அலுவலகத் தீர்ப்பு வந்துவிட்டது. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், ஒரு வருடத்துக்குப் பதவி உயர்வு இல்லை. அர்த்தநாரி சார் ஓசூர் போகவில்லை, இங்கேயே. ஆக இன்னும் ஒரு வருடம் இருவரும் ஒரே கன்டெய்னருக்குள் முகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கூடவே எல்லாச் சைட்டுக்கும் ஒரு புது விதி. இனி கான்கிரீட் நடக்கும்போது பொறுப்பு இன்ஜினீயர் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வேலை நடக்கும் இடத்தில் நின்று தன்னைத் தானே படம் எடுத்து வாட்ஸப் குழுவில் போட வேண்டும். ஒன்று தவறினால் அன்று முழுக்க ஆப்சென்ட்.

யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். என் கடிதத்தின் இணைப்பைப் பார்த்து மேலிடம் மிகவும் ரசித்ததாம்.

மார்ச் 15, சனி

புதுத் தூண்கள். போன் சட்டைப்பையில், முழுச் சத்தத்தில்.

முதல் லாரி கலவை ஏற்றி இரண்டே கால் மணி நேரம் கழித்து வந்தது. திருப்பி அனுப்பினேன். டிரைவர், “ஒரு லோடு சார், கொட்டவா முடியும்?” என்றார். கொட்டத்தான் முடியும் என்றேன். மேஸ்திரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்டைத் திறந்துவிட்டார்.

இரண்டாவது லாரி நாற்பது நிமிடத்தில் வந்தது. 3:30, படம் போட்டேன். 3:45, போட்டேன். நான்கு மணிக்கு, தளர்வு அளக்கும் கூம்பு அச்சில் கலவையை நிரப்பிக் குத்திக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் முழங்கைவரை கான்கிரீட். ஜெபராணி அளவுகோலோடு குனிந்திருந்தாள். அச்சைத் தூக்கினேன். குவியல் மெல்ல அமர்ந்து நின்றது. அளந்தாள்.

“நூத்திப்பத்து சார்.”

“நிஜமாவா?”

“நீங்களே பாருங்க.”

குனிந்து பார்த்தேன். நூற்றுப்பத்துதான். பதிவேட்டில் எத்தனையோ நூற்றுப்பத்து எழுதியிருக்கிறோம், கண்ணால் பார்த்தது இதுதான் முதல்.

கை கழுவிவிட்டுப் போனை எடுத்தபோது 4:09. குழுவில் அர்த்தநாரி சார் எழுதியிருந்தார்: “4:00 படம் வரவில்லை. நவநீதன் ஆப்சென்ட்.”

பதில் எழுத ஆரம்பித்தேன். அதற்குள் மேலேயிருந்து மேஸ்திரி கத்தினார்: “இன்ஜினீயரே, ஏழாவது தூணுக்கு ஊத்தட்டுங்களா?”

போனைப் பையில் போட்டுக்கொண்டு, “இருங்க, வரேன்” என்று ஏணியில் ஏறினேன்.